டாக்டர் கேட்க மறக்கும் கேள்வி

கோவில்பட்டி வட்டாரத் தீப்பெட்டி ஆபீஸ் அக்காமார்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார்களே, மதினிமார்களே, தங்கச்சிமார்களே,

கழுகுமலை, கடம்பூர், கயத்தாறு, எட்டயபுரம் பக்கத்து ஊர்களில் விடியுமுன்னே சோறு பொங்கி இறக்கிவிட்டு, தூக்குவாளியோடு வேன் ஏறுகிற உங்களுக்காக இதை எழுதுகிறேன். கட்டை அடுக்குகிறவர்கள், பெட்டி அடைக்கிறவர்கள், பண்டல் போடுகிறவர்கள், மருந்து முக்குகிற இடத்தில் நிற்கிறவர்கள் என்று எல்லாருக்கும் சேர்த்துத்தான். தீப்பெட்டிக் கம்பெனியை ‘ஆபீஸ்’ என்று சொல்வது வெளியூர்க்காரர்களுக்கு விநோதமாக இருக்கலாம். நமக்குள் விளக்கம் எதற்கு?

நான் இந்தக் கரிசல் பக்கத்தில் வளர்ந்து மருத்துவம் படித்தவள். ஓ.பி.யில் உங்களை எதிரே உட்கார வைத்துப் பேசுகிறவள். உங்களில் பலர் நாற்காலி நுனியில் உட்காருவீர்கள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வீர்கள். “கை மரத்துப் போகுது டாக்டர்”, “இடுப்பு விட்டுப் போச்சு”, “ஒண்ணுக்குப் போனா எரியுது” என்று மூன்று நாலு வார்த்தை. அதற்கு ஒரு ஊசி, ஒரு சீட்டு மாத்திரை. வெளியே அடுத்த ஆள் கதவைத் திறந்துவிடுவார். இதில் என் போன்றவர்களுடைய அவசரமும் இருக்கிறது, உங்களுடைய அவசரமும் இருக்கிறது. அரை நாள் லீவு போட்டால் அரை நாள் கூலி போகும்.

அந்த இரண்டு நிமிடத்தில் விட்டுப்போகிற ஒரு கேள்வியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். “என்ன வேலை பார்க்கிறீங்க? எப்படி உட்கார்ந்து பார்க்கிறீங்க?”

இந்தக் கேள்வியை மருத்துவத்துக்குள் கொண்டுவந்த பெருமை பெர்னார்டினோ ரமாத்சினி என்ற இத்தாலிய மருத்துவருக்கு உண்டு. 1700-இல் மோதனா நகரத்தில் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றியே தனியாக ஒரு புத்தகம் எழுதினார். கிரேக்க மருத்துவர்கள் நோயாளியிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார்கள். அதோடு ‘உன் தொழில் என்ன’ என்பதையும் சேர்த்துக் கேளுங்கள் என்றார் அவர். ஏழை வீட்டுக்கு மருத்துவர் போனால், மெத்தை நாற்காலியை எதிர்பார்க்காமல் முக்காலி கிடந்தாலும் உட்கார்ந்து நிதானமாக விசாரிக்க வேண்டும் என்றும் எழுதினார். முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் ஓ.பி. சீட்டில் தொழில் என்ற கட்டம் இன்னும் பாதி நாள் காலியாகத்தான் கிடக்கிறது. நிரப்பினாலும் ‘கூலி’ என்று ஒரு சொல். பருத்தி எடுப்பதும் கூலிதான், சித்தாள் வேலையும் கூலிதான், கட்டை அடுக்குவதும் கூலிதான். மூன்றிலும் தேய்கிற உறுப்பு வேறு வேறு.

அந்த ஒரு கேள்வியால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைப்பீர்கள். உங்கள் தாடை எலும்பு இன்றைக்கு முழுசாக இருப்பதே அந்தக் கேள்வியால்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் எங்கே உரசினாலும் பற்றுகிற குச்சியை வெள்ளைப் பாஸ்பரஸில் செய்தார்கள். மருந்து முக்குகிற அறையில் அதன் ஆவி எப்போதும் மிதந்துகொண்டிருக்கும். அங்கே வேலை பார்த்த பெண்களுக்கு முதலில் பல்வலி வரும். பல்லைப் பிடுங்குவார்கள். பிடுங்கிய புண் ஆறாது. ஈறு வீங்கி, சீழ் வைத்து, கன்னத்தில் ஓட்டை விழுந்து, உள்ளே எலும்பு செத்துத் துண்டு துண்டாக வெளியே வரும். நாற்றம் தாங்காமல் சொந்த வீட்டாரே ஒதுங்கிப்போவார்களாம். கீழ்த்தாடையை அறுத்தெடுப்பதுதான் பலருக்கு வைத்தியம்.

எத்தனையோ எலும்பு இருக்கத் தாடையை மட்டும் ஏன் பிடித்தது? நம் உடம்பில் எலும்பு என்பது ஒருமுறை செய்து வைத்த பொருள் கிடையாது. பழைய எலும்பைத் தின்னும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் ஆயுள் முழுக்க அதில் வேலை பார்த்துக்கொண்டே இருக்கின்றன. மெல்லுகிற வேலை ஓயாமல் நடப்பதால் தாடையில் இந்தப் புதுப்பிப்பு மற்ற எலும்புகளைவிட வேகமாக நடக்கிறது. அதோடு, பல் என்பது ஈறைத் துளைத்துக்கொண்டு எலும்புக்குள்ளேயே ஊன்றி நிற்பது. சொத்தைப் பல் ஒன்று இருந்தால் வாயில் இருக்கிற கிருமிக்கு எலும்பு வரைக்கும் வழி திறந்துவிட்டது என்று அர்த்தம். பாஸ்பரஸ் அந்தப் புதுப்பிப்பை முடக்கிவிடும், கிருமி பல் வழியாக உள்ளே இறங்கும், எலும்பு சாகும்.

1845-இல் வியன்னாவில் லோரின்ஸர் என்ற மருத்துவர்தான் இதைத் தனி நோயாக எழுதிவைத்தார். தாடை அழுகி வந்தவர்களிடம் அவர் கண்ட பொதுவான விஷயம் ஒன்றே ஒன்று. அவர்கள் தீக்குச்சி செய்கிற இடத்தில் வேலை பார்த்தவர்கள்.

இந்தக் கதையில் நம் அடையாற்று அன்னி பெசண்ட் அம்மையாரும் வருகிறார். அவர் சென்னைக்கு வருவதற்கு முன், 1888 ஜூனில், லண்டனில் பிரையண்ட் அண்டு மே தீப்பெட்டிக் கம்பெனிப் பெண்கள் படுகிற பாட்டைப் பத்திரிகையில் எழுதினார். அடுத்த மாதமே சுமார் 1,400 பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். பெரும்பாலும் இளம் பெண்கள். சில வாரத்துக்குள் ஜெயித்தார்கள். அபராதப் பிடித்தம் நின்றது. சாப்பிடுவதற்குத் தனி அறை வந்தது. மருந்து அறையிலேயே ரொட்டியைப் பிரித்துத் தின்றால் பாஸ்பரஸும் சேர்ந்து வாய்க்குள் போகிறது என்பதால் அந்தத் தனி அறை சாதாரண விஷயமில்லை. ஆனாலும் அந்தக் கம்பெனி வெள்ளைப் பாஸ்பரஸை விட்டது 1901-இல்தான். 1906-இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில் பல நாடுகள் கூடி அதைத் தடை செய்ய ஒப்பந்தம் போட்டன. இந்தியாவில் தடைச் சட்டம் 1913-இல் வந்தது.

சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்க கல்கத்தாவுக்கு ரயில் ஏறியது 1922-இல். சட்டம் வந்து ஒன்பது வருடம் கழித்து. அதனால்தான் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பெட்டியில் பக்கவாட்டுப் பட்டையில் பூசுவது சிவப்புப் பாஸ்பரஸ், குச்சித் தலையில் வைப்பது பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் வஜ்ஜிரமும் கலந்த மருந்து. சிவப்புப் பாஸ்பரஸ் ஆவியாகி மூக்கில் ஏறாது. வியன்னாவிலும் லண்டனிலும் முகம் சிதைந்தவர்கள் கொடுத்த விலையில் நம் ஆச்சிமார்களின் முகம் தப்பியது. இதை எந்த ஆபீஸிலும் யாரும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள்.

இடையில் ஒரு சேதி. 2003-இல் அமெரிக்காவில் இதே மாதிரித் தாடை எலும்பு சாகிற நோயைப் பார்த்துப் பல் மருத்துவர்கள் திகைத்தார்கள். இந்தத் தடவை காரணம் மருந்து. எலும்புத் தேய்மானத்துக்கும், எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கும் கொடுக்கிற ஒருவகை மருந்து எலும்பின் புதுப்பிப்பை வேண்டுமென்றே மெதுவாக்குகிறது. தேய்மானத்துக்குக் கொடுக்கிற அளவில் தாடை பாதிப்பது அபூர்வம். ஆகவே பயந்து நிறுத்த வேண்டாம். மாதவிலக்கு நின்றபின் எலும்புக்கென்று வாரம் ஒரு மாத்திரையோ வருடம் ஒரு ஊசியோ போடுகிறவர்கள், பல் பிடுங்கப் போகும்போது அதை மறக்காமல் சொல்லிவிடுங்கள். அவ்வளவுதான்.

தாடையைக் காப்பாற்றியாயிற்று. இன்றைக்கு உங்கள் உடம்பில் அடிபடுவது எது? என் கணக்கில் முதலில் வருவது கை.

ராத்திரி இரண்டு மணி, மூன்று மணிக்குக் கை மரத்துத் தூக்கம் கலைகிறதா? எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் சரியாகிறதா? கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இந்த இடங்களில் மட்டும் எறும்பு ஊர்கிறதா? சுண்டுவிரலுக்கு ஒன்றுமே ஆகவில்லையா? அப்படியானால் உங்கள் நோயைப் பாதி நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள்.

மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் குழிவாக அமைந்திருக்கின்றன. அந்தக் குழிவுக்கு மேலே குறுக்காக ஒரு தடித்த நார் மூடி போட்டிருக்கிறது. இந்த எலும்புக்கும் நாருக்கும் நடுவில் உள்ள இடுக்கு வழியாக, விரல்களை மடக்குகிற ஒன்பது தசைநாண்கள் போகின்றன. அவற்றோடு நெருக்கியடித்து ஒரே ஒரு நரம்பும் போகிறது. காலை ஏழு மணி மினி பஸ்ஸில் ஒன்பது ஆம்பிளைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு பிள்ளை மாதிரி. நாள் முழுக்க விரலை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி வேலை பார்த்தால் அந்த நாண்களைச் சுற்றியுள்ள உறை வீங்கும். இடமோ கூடாது, எலும்பும் நாரும் இளகாது. நசுங்குவது நரம்பு.

குச்சியை அள்ளி, சட்டத்தின் பள்ளத்தில் ஒவ்வொன்றாக ஓடவிட்டு, கட்டை மேல் கட்டை வைத்து அழுத்துகிற கையை ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பார்க்கிறவர் கண்ணால் தொடர முடியாத வேகம். மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கம் மடங்கியே இருக்கும். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் ஓயாது. அடுக்கும் மெஷின் வந்த ஆபீஸ்களில் இந்த வேலை குறைந்துவிட்டது உண்மைதான். பெட்டி அடைக்கிற இடத்தில் கை அதே கைதான். ஒரு பிடியில் சரியான எண்ணிக்கைக் குச்சி வருகிற அளவுக்குப் பழகிய கை. கூலியோ உருப்படிக் கணக்கு. அதனால் கை வலித்தாலும் யாரும் வேகத்தைக் குறைப்பதில்லை.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு புறங்கையையும் ஒன்றோடொன்று ஒட்டவைத்து, விரல்கள் தரையைப் பார்க்கும்படி ஒரு நிமிடம் வைத்திருங்கள். அதற்குள் அந்த மூன்றரை விரலில் மரமரப்பு வந்தால் மணிக்கட்டு நரம்பின் மேல் சந்தேகம் வலுக்கிறது. கழுத்து எலும்பில் நரம்பு நசுங்கினாலும் கை மரக்கும் என்பதால் டாக்டர்தான் முடிவாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை, தைராய்டு, கர்ப்பம் இவையும் இதைக் கொண்டுவரும். ஆகையால் அந்த இரத்தப் பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள்.

இதற்கு நீங்கள் பெரும்பாலும் வாங்கித் தின்பது பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை. வாதம் என்று எண்ணெய் தேய்த்துவிடுகிறார்கள். சத்துக் குறைவே இல்லாதவளுக்குச் சத்து மாத்திரை கொடுத்து நசுங்கிய நரம்பை எப்படி நிமிர்த்துவது? ஆரம்பத்தில் வந்தால் வைத்தியம் எளிது. ராத்திரி படுக்கும்போது மணிக்கட்டை நேராக வைக்கிற ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டால் பலருக்குச் சரியாகிறது. தேவைப்பட்டால் மணிக்கட்டில் ஒரு ஊசி. அதற்கும் கேட்காவிட்டால் கையை மட்டும் மரக்க வைத்து, அந்த நாரைப் பிரித்துவிடுகிற சின்ன ஆபரேஷன். தாமதித்தால் நிலைமை வேறு. கட்டைவிரலுக்கு அடியில் உள்ளங்கையில் சதை மேடு ஒன்று இருக்கிறதே, அது வற்றிப் பள்ளமாகும். பூத்தொடுக்க முடியாது, ரவிக்கைக் கொக்கி மாட்ட முடியாது, டம்ளர் நழுவும். அந்த மேடு வற்றியபின் வந்தால் ஆபரேஷன் செய்தாலும் முழுப் பலம் திரும்புவது சந்தேகம்.

1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில், மருத்துவர் பார்த்தால் அரசாங்கத்துக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியல் ஒன்று இருந்தது. பாஸ்பரஸ் நஞ்சு அதில் மூன்றாவது. குரோமியப் புண்ணும் இருந்தது. மணிக்கட்டு நரம்பு நோய் இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010-இல் திருத்திய பட்டியலில் அது இருக்கிறது. நம் சட்டம் நூறு வருடத்துக்கு முந்தைய பெண்களின் தாடையைக் காவல் காக்கிறது, இன்றைய பெண்ணின் கையைக் காணவில்லை. ஒரு நோய் பட்டியலில் ஏற வேண்டுமானால் இத்தனை பேர், இந்த வேலை, இந்த நோய் என்று ஓ.பி. ஏடுகளில் முதலில் எழுதியிருக்க வேண்டும். எழுத வேண்டுமானால் நீங்கள் சொல்ல வேண்டும்.

இடுப்புக்கு வருகிறேன். முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே தட்டுகள் இருக்கின்றன. வளர்ந்தவர்களுக்கு அந்தத் தட்டின் உட்பகுதியில் இரத்தக் குழாயே கிடையாது. அசைந்து, நிமிர்ந்து, நடந்தால்தான் பக்கத்து எலும்பிலிருந்து சத்து ஊறி உள்ளே போகும், கழிவு வெளியே வரும். தரையில் குனிந்து அசையாமல் மணிக்கணக்கில் இருந்தால் அந்தப் போக்குவரத்து மந்தமாகிறது. 1960-களில் நாஹெம்சன் என்ற ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஊசி செலுத்தி அளந்து பார்த்தார். நிற்கும்போது தட்டின் மேல் உள்ள அழுத்தத்தைவிட, முன்னால் குனிந்து உட்காரும்போது உள்ள அழுத்தம் கூட. உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே என்று வீட்டு ஆம்பிளைகள் சொல்லும்போது இதைச் சொல்லுங்கள்.

இதில் நாற்பத்தைந்து, ஐம்பது வயதுக்காரர்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். உங்களில் பலர் எட்டு வயதிலேயே கட்டை முன்னால் உட்கார்ந்தவர்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல் வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. அதற்குள் உங்கள் பால்யம் கழிந்துவிட்டது. எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு மூடாத வயதில் நாள் பூராவும் முதுகை வளைத்து உட்கார்ந்த உடம்பு உங்களுடையது. உங்களுக்கு இடுப்பு வலி வந்தால் ‘வயசாச்சில்ல’ என்று சொல்கிற டாக்டரிடம், எந்த வயசிலிருந்து வேலை பார்க்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

அடுத்தது நீங்கள் வெட்கப்பட்டு மறைப்பது. ஆபீஸில் கக்கூஸ் சுத்தமில்லை, தூரம், தண்ணீர் வராது, போய் வந்தால் உருப்படி குறையும். அதனால் காலையில் தண்ணீரே குடிக்காமல் கிளம்புகிறீர்கள். சித்திரை வைகாசியில் இந்தக் கரிசல் காட்டு வெயிலில் வியர்வையாகவே எவ்வளவு தண்ணீர் போகும் என்று உங்களுக்குத் தெரியும். மிச்சம் இருக்கிற கொஞ்சத் தண்ணீரில் சிறுநீரகம் எல்லாக் கழிவையும் கரைத்து அனுப்ப வேண்டும். சிறுநீர் கெட்டியானால் உப்புகள் படிந்து கல் உருவாகும். அடக்கிவைத்தால் கிருமி பெருகும். ஆணுக்குச் சிறுநீர்ப்பையிலிருந்து வெளிவாசல் வரை இருபது சென்டிமீட்டர் அளவுக்குக் குழாய். பெண்ணுக்கு நாலே சென்டிமீட்டர். மலக்குடல் கிருமி ஏறி வருவதற்கு அது ரொம்பச் சின்னத் தூரம். அடிக்கடி கழித்தால் அந்த ஓட்டமே கிருமியை அடித்துக்கொண்டு போய்விடும்.

எரிச்சல் வந்தால் சூடு பிடித்துவிட்டது என்று வெந்தயமும் இளநீரும் குடிக்கிறீர்கள். குடியுங்கள், தண்ணீர் போவது நல்லதே. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் விலாவுக்குப் பின்னால் வலியும் வந்தால் கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். மாசமாக இருக்கிறவர்கள் எரிச்சல் இல்லாவிட்டாலும் சிறுநீர்ப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். இரண்டு நாளில் குணமாகிவிட்டது என்று கிருமி மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதீர்கள். பெண்களுக்குத் தனிக் கழிப்பிடமும் குடிதண்ணீரும் முதலாளி கருணையால் தருவது அல்ல. அந்த 1948 சட்டமே கட்டாயம் என்று எழுதிவைத்தது.

இரத்தச் சோகையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தச் சோகை. மாசமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும். உங்களில் 9, 8 என்று வைத்துக்கொண்டு நாள் முழுக்க வேலை பார்க்கிறவர்களை நான் பார்க்கிறேன். மூச்சு வாங்குவதும் நெஞ்சு படபடப்பதும் சோம்பல் அல்ல. இரும்புச் சத்து மாத்திரையைச் சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதீர்கள். டீயில் உள்ள துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். நம் ஊர்க் கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். பதினொரு மணிக்கு வடைக்குப் பதில் அதைக் கடித்தால் நல்லது. ஆனால் 8-ஐ 12 ஆக்க அது போதாது, மாத்திரை வேண்டும்.

மருந்து முக்குகிற இடத்தில், பட்டை பூசுகிற இடத்தில் வேலை பார்ப்பவர்கள் தோலைக் கவனியுங்கள். குச்சித் தலை மருந்தில் கொஞ்சம் பொட்டாசியம் பைக்ரோமேட்டும் சேர்ப்பதுண்டு. அதிலுள்ள குரோமியம் சிலருக்கு ஒவ்வாது. விரல் இடுக்கில் அரிப்பு, வெடிப்பு, ஆறாத வட்டப் புண். ஒருமுறை உடம்பு அதைப் பகையாக எடுத்துக்கொண்டால் ஆயுளுக்கும் மறக்காது. தீப்பெட்டி வேலை வேண்டாம் என்று சித்தாள் வேலைக்குப் போன பெண்ணுக்கும் கை வெடிக்கிறது; ஏனென்றால் சிமெண்டிலும் குரோமியம் உண்டு. அவள் டாக்டரிடம் சிமெண்டைச் சொல்வாள், பத்து வருடத் தீப்பெட்டி வேலையைச் சொல்ல மாட்டாள். சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வேலை பார்க்கிற இடத்தில் தூக்குவாளியைத் திறக்காதீர்கள். சாப்பிடத் தனி இடம் என்பது லண்டன் பெண்கள் ஸ்டிரைக் செய்து வாங்கிய விஷயம்.

தீக்காயம் பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனாலும் பற்பசை அப்பிய கை, இங்க் ஊற்றிய கை, தோசை மாவு பூசிய கை இன்னும் வருகிறது. தோல் நெருப்பிலிருந்து விலகிய பிறகும் உள்ளே பிடித்த சூடு கீழ் அடுக்குகளைச் சுட்டுக்கொண்டேதான் இருக்கும். அதை இறக்குவது ஓடுகிற தண்ணீர் ஒன்றுதான். இருபது நிமிடம். சீவலப்பேரியிலிருந்து வந்த குடிதண்ணீரைக் குடம் குடமாக எண்ணிச் செலவழித்த ஊர் நமது. இதற்கு மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். குழாய் இல்லாவிட்டால் டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றுங்கள். ஐஸ் வைக்க வேண்டாம். வீங்குமுன் வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். பிறகு சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டு வாருங்கள். காயம்பட்டவரின் உள்ளங்கையும் விரலும் சேர்ந்த அளவுதான் உடம்புத் தோலில் ஏறக்குறைய ஒரு சதவீதம். எத்தனை கை அகலம் வெந்தது என்று சொன்னாலே எங்களுக்குப் பாதி விவரம் கிடைத்துவிடும். வலிக்கவில்லை என்பதால் லேசான காயம் என்று நினைக்காதீர்கள். ஆழமாக வெந்தால் வலியை உணர்கிற நரம்பு நுனியே கருகிவிடும். வேலைக்கு நைலக்ஸ், பாலியெஸ்டர் சேலை வேண்டாம். அது உருகித் தோலில் ஒட்டும். பழையதானாலும் பருத்தி கட்டுங்கள். பருத்தி விளைகிற சீமைக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தூசி இருமல் என்று நீங்களே முடிவு கட்டாமல் சளியைப் பரிசோதியுங்கள்; காசநோயாகவும் இருக்கலாம். இடைசெவல் எழுத்தாளர் கி.ரா. இளமையில் காசநோயில் அடிபட்டவர்தான். வைத்தியம் பார்த்துக்கொண்டு தொண்ணூறைத் தாண்டி எழுதினார்.

முதலாளிமார்களில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2007-இலிருந்து பதினாலு வருடம் தீப்பெட்டி ஒரு ரூபாய்க்கே விற்றது, 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆனது, லைட்டர் வேறு போட்டிக்கு வந்தது. உங்கள் நெருக்கடி எனக்குத் தெரியும். ஆனால் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேஜையும் முதுகு சாய ஒரு பலகையும், மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் எழுந்து நடக்க அனுமதியும் பெட்டி விலையை ஏற்றாது. கக்கூஸில் தண்ணீர் வர வைப்பதும் அப்படித்தான்.

இனி பணக் கணக்கு. ஈ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். சாதாரண நோய் என்று எழுதினால் லீவு நாளுக்குக் கிடைப்பது கூலியில் 70 சதவீதம், அதுவும் வருடத்துக்கு 91 நாள் வரைதான். வேலையால் வந்த காயம் என்று பதிவானால் 90 சதவீதம், இயலாமை தீரும்வரை. சட்டம் ஏற்ற தொழில் நோய்க்கும் அதே கணக்குத்தான். தீக்காயத்தோடு வந்துவிட்டு, ஆபீஸுக்குச் சங்கடம் வரக்கூடாது என்று ‘அடுப்பு பட்டுவிட்டது’ என்று சொல்கிறவர்கள் உண்டு. சொல்லச் சொல்லி அனுப்புகிறவர்களும் உண்டு. ‘வேலையால் வந்த காயம்’ என்ற அந்த ஒரு வரி உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடக் கட்டணம்.

ஆகவே அடுத்த தடவை பெரியாஸ்பத்திரிக்கோ, ஈ.எஸ்.ஐ.க்கோ, தெருமுனை கிளினிக்குக்கோ போகும்போது நோயைச் சொல்லுமுன் இதைச் சொல்லுங்கள்: “நான் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை பார்க்கிறேன். இத்தனை வருஷமா பார்க்கிறேன். இந்த வேலை, இப்படி உட்கார்ந்து, ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரம்.” டாக்டர் நிமிர்ந்து பார்க்காவிட்டால் இன்னொரு தடவை சொல்லுங்கள். சீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய சீட்டைத் தூக்கிப்போடாமல் வீட்டில் பத்திரமாக வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர் டாக்டரம்மா ஒருத்தி